அத்தை உட்காராத பாய்

டியூட்டி லிஸ்ட் போடுவதற்குப் பேனாவை எடுக்குமுன் இலைசானே வார்டை ஒரு சுற்று சுற்றி வருவாள். பெண்கள் வார்டில் பன்னிரண்டு படுக்கை. ஒவ்வொரு படுக்கையிலும் ஒரே கேள்விதான்.

"உனக்கு அண்ணன் தம்பி முறை ஆகிறவங்க யாராவது இங்க வேலை செய்யறாங்களா?"

கூடப் பிறந்தவன் மட்டும் இல்லை. பெரியப்பா மகன், சித்தி மகன், தாத்தா வழியில் எங்கோ சுற்றி வந்து ஒட்டுகிறவன், எல்லோரும் கணக்கில் உண்டு. பசிபிக் தீவு நாடான டோங்காவில் அக்காள் இருக்கிற அறையில் தம்பி வாய்விட்டுச் சிரிக்கக்கூட யோசிப்பான். அவளிடம் போய் ஒண்ணுக்கு, ரெண்டுக்கு என்று எந்த ஆண் நர்ஸ் கேட்பான்? அதனால் முறை இருந்தால் அந்த ஆளை வேறு வார்டுக்கு மாற்றி எழுதிவிடுவாள். இலைசானே தலைமை நர்ஸாகிப் பதினெட்டு வருஷம். அந்தக் கேள்வியை அவள் கேட்காமல் விட்டது ஒரே ஒரு வாரம்தான்.

நியூசிலாந்திலிருந்து ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் வந்த வாரம் அது. ஐந்து நாளில் முப்பத்தொரு ஆபரேஷன். தாழ்வாரத்தில்கூடக் கட்டில் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசி ஆளாக உள்ளே போனவள் வைசினியா.

நாற்பத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகள். கர்ப்பப்பை இறக்கம். ஆறு வருஷமாகத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கும் தேவாலயத்துக்கும் நடந்திருக்கிறாள். கணவன் ஹவிலி ஆஸ்திரேலியாவில் பழத்தோட்ட வேலைக்குப் போயிருக்கிறான். அவனுக்கே போன மாதம்தான் சொன்னாளாம்.

"இத்தனை வருஷம் பொறுத்தவ, இப்ப என்ன திடீர்னு வந்தே?" என்று இலைசானே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"இன்னும் ஏழு வாரத்துல என் தம்பி மகளுக்குக் கல்யாணம். நான்தான் அத்தை."

அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் பெண்ணுக்கு அத்தைதான் ராணி. அவள் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். சீராக வருகிற முதல் பாய், முதல் மரப்பட்டைத் துணி, கேக்கின் மேல் அடுக்கு, எல்லாம் அவளுக்கு.

"காலைல உட்கார்ந்தா சாயங்காலம்தான் எழுந்திருக்கணும். எனக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே எல்லாம் கீழ வந்துடுது இலைசானே. ஊரே பார்க்க நான் எழுந்து எழுந்து ஓடினா அசிங்கமில்லையா? அனசெய்னி பொறந்தன்னிக்கே அவளை முதல்ல கையில வாங்கினவ நான். அவ கல்யாணத்துல ஆடாம அசையாம உட்காரணும். அவ்வளவுதான் என் ஆசை."

உன் தம்பி யார் என்று அப்போதே இலைசானே கேட்டிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அதற்குள் ஆபரேஷன் அறைக் கதவு திறந்துவிட்டது. கேஸ் ஷீட்டில் இருந்தது புருஷன் வீட்டுப் பெயர். அதை வைத்து ஒன்றும் தெரியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர்கள் சனிக்கிழமை விமானம் ஏறினார்கள். வயிற்றின்மேல் வைத்தால் உள்ளே எவ்வளவு சிறுநீர் நிற்கிறது என்று காட்டுகிற கருவி ஒன்று வைத்திருந்தார்கள். அதுவும் அவர்களோடு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, இரவு முழுக்க வேலை பார்த்த நர்ஸ் வைசினியாவின் சிறுநீர் டியூபை எடுத்தாள்.

"ஆறு மணி நேரத்துக்குள்ள தானாப் போகணும். பெட்பேன்ல போ. அளந்து எழுதிக்குவாங்க" என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினாள்.

ஏழு மணிக்கு வந்தவன் கெலேபி. ஞாயிற்றுக்கிழமையில் ஆண்கள் வார்டுக்கும் பெண்கள் வார்டுக்கும் சேர்த்து ஒரே நர்ஸ்தான். கெலேபி ஊசி போட்டால் குழந்தைகூட அழாது என்று பெயர் வாங்கியவன். மாத்திரைத் தட்டோடு மூன்றாவது படுக்கை வரை வந்தவன் அப்படியே நின்றான். படுத்திருந்தது அவனுடைய பெரியப்பா மகள். கல்யாணப் பெண் அனசெய்னி அவன் மகள்தான்.

தனக்கு ஆபரேஷன் என்று தம்பியிடம் எந்த அக்காள் சொல்லுவாள்? அவளுக்கு ஏதோ காய்ச்சல் என்றுதான் அவன் கேள்விப்பட்டிருந்தான். வைசினியா அவனைப் பார்த்த மாத்திரத்தில் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டாள். அவன் மாத்திரையைப் பக்கத்துப் படுக்கைக்காரி கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தான்.

இலைசானேவுக்கு இரண்டு முறை போன் அடித்தான். அன்று அவளுடைய தேவாலயத்தில் வருஷக் காணிக்கை நாள். பாட்டுக்குழுவில் முதல் வரிசையில் நின்றிருந்தாள். விருந்தெல்லாம் முடிந்து நாலு மணிக்குத்தான் போனைப் பார்த்தாள். ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்திருக்கும், இல்லாவிட்டால் படுக்கை விரிப்பு வேண்டும் என்று கேட்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை அதற்கெல்லாம் யாரைப் பிடிப்பது? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனைப் பையில் போட்டாள்.

ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கே கெலேபி திரைக்கு வெளியே வந்து நின்றிருந்தான். டியூப் எடுத்து ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. பக்கத்துப் படுக்கையில் லூப்பே. சந்தையில் மீன் விற்பவள். சினைப்பைக் கட்டி எடுத்துப் படுத்திருந்தாலும் வாய் மட்டும் ஓயவில்லை.

"லூப்பே, பக்கத்துல கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

"என்னன்னு கேக்கணும்?"

"அதான்... எல்லாம் சரியா இருக்கான்னு."

"எதெல்லாம்?"

"நீ கேளேன். அவங்களுக்குப் புரியும்."

லூப்பே தலையைத் திருப்பி, சந்தையில் கூவுகிற அதே குரலில் கூவினாள். "ஏ வைசினியா! உன் தம்பி திரைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுக் கேக்கறாரு. ஒண்ணுக்குப் போயாச்சா இல்லையாம்?"

"ஆச்சு! ஆச்சுன்னு சொல்லு! நீ வாயை மூடு!"

"ஆச்சாம் ராசா. கோவத்தோட போயிருக்காளாம்."

வார்டே சிரித்தது. கெலேபிக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. கேஸ் ஷீட்டில், 'சிறுநீர் போயிற்று' என்று எழுதினான். அளவு என்று இருந்த கட்டத்தில் ஒரு கோடு இழுத்தான். பெட்பேனை எட்டிப் பார்க்கவில்லை. அக்காளின் பெட்பேனை அவன் எப்படிப் பார்ப்பான்?

பிற்பகல் வைசினியாவின் மகள்கள் வந்தார்கள். மண்ணடுப்பில் வெந்த சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பாலில் இலை கட்டி வேகவைத்த உப்பிறைச்சி. அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். சாயங்காலம் வயிறு உப்பியது. இறைச்சி சேரவில்லை என்றாள் மகள். அடுத்து வந்த நர்ஸ் ஷீட்டைப் பார்த்தாள். போயிற்று என்றுதான் எழுதியிருந்தது. வாயு மாத்திரை கொடுத்தாள். ஆபரேஷனுக்காகக் கொடுத்து வந்த வலி மாத்திரை வைசினியாவுக்கு வலியைப் பெரிதாகக் காட்டவில்லை.

திங்கள் காலை ஏழே காலுக்கு இலைசானே போர்வையை விலக்கி அவள் வயிற்றில் கை வைத்தாள். தொப்புளுக்கு மேலே வரை கல் மாதிரி இருந்தது.

"கடைசியா எப்ப போனே?"

"வந்துக்கிட்டுதான் இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா."

"எவ்வளவு?"

வைசினியா போர்வையை மேலே இழுத்துக்கொண்டாள்.

"வைசினியா, நான் உனக்குத் தம்பி இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

"துணி நனையுது. அவ்வளவுதான். நேத்திக்கே சொல்லலாம்னு நெனச்சேன். அவன் வெளியவே நின்னுக்கிட்டிருந்தான்."

துளித்துளியாக வந்தது அவள் போனது இல்லை. உள்ளே நிரம்பி வழிந்தது. டியூபைப் போட்டதும் பை நிறைந்தது. மாற்றினாள். அதுவும் நிறையப் போனது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் மில்லி. நானூறு, ஐந்நூறிலேயே ஒருத்தியால் உட்கார முடியாது. இவள் அதைப்போல நாலு மடங்கை ஒரு பகலும் ஓர் இரவும் சுமந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர் வந்து பார்த்தார். "மூத்திரப்பை அளவுக்கு மீறி விரிஞ்சு தளர்ந்துபோச்சு. இழுத்த ரப்பர் மாதிரி. ரெண்டு வாரம் டியூபோட ஓய்வு குடுப்போம்."

"அப்புறம் சரியாயிடுமா?" என்று வைசினியா கேட்டாள்.

"பல பேருக்குச் சரியாகும். சில பேருக்கு மாசக்கணக்காகும்."

"எனக்கு ஆறரை வாரம்தான் இருக்கு டாக்டர்."

டாக்டர் இலைசானேயைப் பார்த்தார். இலைசானே சுவரைப் பார்த்தாள்.

மருந்து வைக்கிற அறையில் கெலேபி கேஸ் ஷீட்டோடு நின்றிருந்தான்.

"இது என் கையெழுத்து மேடம்."

"லிஸ்ட் என் கையெழுத்து" என்றாள் இலைசானே. "ரிப்போர்ட்டுல ரெண்டையும் எழுதிட்டேன். நீ போன் பண்ணினதையும் நான் எடுக்காததையும் எழுதியிருக்கேன்."

"ரிப்போர்ட்டு கெடக்கட்டும் மேடம். அக்காகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். எப்படிக் கேப்பேன்? எதுக்குன்னு சொன்னாத்தானே அது மன்னிப்பு? அந்த வார்த்தையை நான் அவங்க முன்னால எடுக்கவே முடியாதே."

"என்கிட்டச் சொல்லு. நான் சொல்றேன்."

"பார்க்காம எழுதிட்டேன்னு சொல்லுங்க."

இலைசானே போய்ச் சொன்னாள். வைசினியா கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஆச்சுன்னு பொய் சொன்னவ நான்தான்னு அவன்கிட்டச் சொல்லு. அவன்மேல தப்பு இல்லை."

திரும்பிப் போய்ச் சொன்னாள்.

"அவங்களைப் பொய் சொல்ல வச்சதே நான் அங்க நின்னதுதான்னு சொல்லுங்க மேடம்."

"இதோ பாருங்க, ரெண்டு பேரும்! நான் நர்ஸா, தபால்காரியா?" என்று இலைசானே எரிந்து விழுந்தாள். ஆனாலும் போய்ச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்று அழுதாள்.

இரண்டு வாரம் கழித்து டியூபை எடுத்தார்கள். இலைசானே குழாயைத் திறந்து தண்ணீர் ஓசை கேட்க வைத்தாள். வெந்நீர்த் துணி போட்டாள். முன்னால் குனிந்து உட்காரச் சொன்னாள். தையலைக் காட்ட வந்த லூப்பே கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று, "வா கண்ணு, வா, வெளிய வா" என்று குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள்.

"சும்மா இருடி! வர்றதும் உள்ள போயிடும்!" என்றாள் வைசினியா உள்ளேயிருந்து. மூன்று பேரும் சிரித்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. டியூப் போட்டு அறுநூறு மில்லி எடுத்தார்கள்.

லூப்பே அன்றைக்கு வாயை மூடியவள்தான். ஞாயிற்றுக்கிழமை தான் கூவிய கூவல் என்ன செய்தது என்று யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த வார்டில் நடந்ததைச் சந்தையில் ஒரு வார்த்தை அவள் பேசவில்லை.

அதன்பின் வைசினியா தானே டியூப் போட்டு எடுக்கக் கற்றுக்கொண்டாள். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கால்களுக்கு நடுவே கண்ணாடியை நிறுத்த வேண்டும். மெல்லிய டியூபை உள்ளே செலுத்தி, வடிந்ததும் எடுத்துவிட வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை.

"அஞ்சு புள்ளை பெத்தவ நான். இப்பத்தான் எனக்கு நானே அறிமுகமாகறேன்" என்றாள் கண்ணாடியைப் பார்த்து.

வீட்டில் பெரிய மகளுக்கு மட்டும் தெரியும். பையன்களுக்குத் தெரியாது. தீவின் மறுகோடியிலிருந்து திங்கட்கிழமைதோறும் பஸ் ஏறி வந்தாள். இலைசானே அளப்பாள். தானாக வந்தது: ஒன்றுமில்லை. அடுத்த வாரம்: ஒன்றுமில்லை. அதற்கடுத்த வாரம் இருபது மில்லி. வைசினியா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"ஒரு வாய் காப்பிகூட இல்லையே இது."

"அசையுதுன்னு அர்த்தம்."

"கல்யாணத்துக்கு இன்னும் பன்னெண்டு நாள் இலைசானே."

கடைசித் திங்கள் முப்பது மில்லி தானாக வந்தது. ஐந்நூறு உள்ளே நின்றது.

இலைசானே ஒரு யோசனை சொன்னாள். அன்று ஒரு நாள் மட்டும் டியூபை உள்ளேயே வைத்து, தொடையில் சின்னப் பை கட்டிவிடலாம். மேலே சுற்றுத்துணி, அதற்கு மேல் விசேஷ நாளில் சுற்றிக் கட்டுகிற இடுப்புப் பாய், யாருக்குத் தெரியும்? கதவைச் சாத்தி வைத்துப் பார்த்தார்கள். வைசினியா கால்களை ஒரு பக்கம் மடித்து, கல்யாணத்தில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தாள். முகத்தை நிமிர்த்தி, வராத விருந்தாளிகளைப் பார்த்துத் தலையசைத்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. இருபது நிமிஷத்தில் மடித்த தொடைக்கு அடியில் டியூப் மடங்கிப் பக்கவாட்டில் கசிந்தது. இடுப்புப் பாயின் ஓரம் ஈரமானது.

வைசினியா எழுந்திருக்கவில்லை. ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அனசெய்னி என் மடியில விழுந்து அழுவா. பொண்ணுங்க அத்தை மடியில அழுதுட்டுத்தான் போவாங்க. நாத்தமடிக்கும்."

"நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து போ. நான் கூட வர்றேன்."

"நான் எழுந்தா என்னோட ஏழு பேரு எழுந்து வருவாங்க. அத்தையைத் தனியா விடுவாங்களா? டியூபையும் கண்ணாடியையும் எங்க ஒளிச்சு வைப்பேன்? ஒருத்தி பார்த்தாப் போதும். ஏன், எதனாலன்னு தோண்டுவாங்க. அன்னிக்கு வார்டுல யாருன்னு கேப்பாங்க. தம்பி எழுதினதுல அக்காவோட மூத்திரம் நின்னுபோச்சுன்னு பாட்டுக் கட்டிடுவாங்க. என் தம்பி இந்தத் தீவுல எங்க முகத்தை வைப்பான்?"

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுவோம்."

"உடம்பு சரியில்லைன்னா ஊரே பார்க்க வரும். என் வீட்டுலயே பாய் விரிச்சு, பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணிட்டு உட்கார்ந்துடும். கோவம்னு சொல்லு. கோவமா இருக்கிறவ வீட்டுப் பக்கம் ஒருத்தர் வர மாட்டாங்க."

இலைசானேவுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "கெலேபிமேலயா?"

"அவன் ஒரு தப்புப் பண்ணணும். ஊருக்குத் தெரியற மாதிரி ஒரு தப்பு. எங்க தாத்தா வழிப் பெரிய பாய் அவன் வீட்டுல இருக்கு. கல்யாணத்தன்னிக்கு அது எனக்கு வரவேண்டியது. அதை என்னைக் கேக்காம பாதிரியார் வீட்டுக்குக் காணிக்கையா அனுப்பிடச் சொல்லு. அது போதும்."

"அந்தப் பாயா? உன் பாட்டியும் அத்தைமாரும் சேர்ந்து முடைஞ்சதுன்னு சொன்னியே."

"அதனாலதான் நம்புவாங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு. மன்னிப்புக் கேட்டு என் வாசலுக்கு வந்துடக்கூடாதுன்னு சொல்லிடு. அவன் தலை குனிஞ்சு வந்து உட்கார்ந்தா நான் மன்னிச்சுத்தான் ஆகணும். மன்னிச்சா கல்யாணத்துக்குப் போய்த்தான் ஆகணும்."

அன்று சாயங்காலம் மருந்தறையில் கெலேபி எல்லாவற்றையும் கேட்டான். 

"என் பொண்ணுகிட்டயாவது உண்மையைச் சொல்லலாமா மேடம்?"

"அவகிட்டச் சொன்னா அவ புருஷன்கிட்டச் சொல்லுவா. நீயே யோசிச்சுக்கோ."

"நான் கேக்க வேண்டிய மன்னிப்பு ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. அதையே கேக்க முடியல. இப்ப ரெண்டாவதையும் கேக்கக்கூடாதுங்கறாங்க." கண்ணைக் கசக்கிக்கொண்டான். "சரி. பாயை நாளைக்கே அனுப்பிடறேன்னு சொல்லுங்க."

கல்யாணத்தன்று காலை வெயில் நன்றாக அடித்தது. தேவாலயத்துக்கு அடுத்த கூடாரத்தில் அத்தைக்கு விரித்த பாய்கள் ஒன்பது அடுக்கு. மேல் அடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் பெரிய பாய் இல்லை. அத்தையும் இல்லை. பத்து மணிக்கு வரவேண்டியவள் பதினொன்றுக்கும் வரவில்லை. பேச்சு கசிய ஆரம்பித்தது.

"பாயைப் பாதிரியாருக்குக் குடுத்துட்டானாமே!"

"சொர்க்கத்துக்கு அக்காவை விட்டுட்டுத் தனியாப் போகப் போறானாக்கும்."

"ஊசி போடறவனுக்கு முறை எங்க தெரியும்?"

கடைசியில் இரண்டாவது பெரியப்பாவின் மகளைக் கூப்பிட்டு அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். அவள் பாதிப் பாயில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்தாள். அனசெய்னி அவள் மடியில் விழவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடும்பத்துப் பேச்சாளர் எழுந்தார். எழுபது வயது. கூடாரம் முழுக்க எட்டுகிற குரல்.

"கெலேபி! உன் அக்கா எங்கே?"

கெலேபி எழுந்து நின்றான்.

"பொண்ணு கல்யாணத்துக்குப் பன்னி அடிச்சிருக்கே, கூடாரம் போட்டிருக்கே, நாலு மாடிக் கேக்கு வாங்கியிருக்கே. இதையெல்லாம் யாரு முன்னால வைக்கறே? உனக்கு மேல ஒருத்தி இருக்காங்கறதே மறந்துபோச்சா? உங்கப்பன் இருந்திருந்தா உன்னைக் கட்டையால அடிச்சிருப்பான். எதாவது சொல்லிக்க இருக்கா?"

அவன் மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏதாவது சொல்லுங்க என்றாள். பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லை" என்றான் கெலேபி. "தப்பு என்னுதுதான்." தலையைக் குனிந்துகொண்டு, உட்காரச் சொல்லும்வரை நின்றான். அவர்கள் வெகுநேரம் சொல்லவில்லை.

மாலையில் இலைசானே கல்யாணத்திலிருந்து பஸ் ஏறி வைசினியா வீட்டுக்குப் போனாள். பிள்ளைகள் யாரும் இல்லை. வைசினியா எல்லாவற்றையும் கேட்டாள். அனசெய்னி என்ன உடுத்தியிருந்தாள், தலையில் என்ன பூ, அத்தை இடத்தில் யார், அவள் ஒழுங்காக உட்கார்ந்தாளா?

"பாதிப் பாய்லதான் உட்கார்ந்தா."

"அவளுக்கு எங்க உட்காரத் தெரியும்." பிறகு மெதுவாக, "அவனை ரொம்பத் திட்டினாங்களா?" என்றாள்.

"திட்டினாங்க."

"என்ன சொன்னான்?"

"தப்பு என்னுதுதான்னான்."

வைசினியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தம் வரவில்லை. பிறகு மணியைப் பார்த்து எழுந்து, டியூபை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றோடு முடியும் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். ஆனால் செய்தி ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று. ஹவிலி போனில் கத்தினான். பெண்டாட்டிக்கு ஆபரேஷன் நடந்தது அவனுக்குத் தெரியும். டியூப் தெரியாது. அந்த வீட்டு வாசலை யாராவது மிதித்தால் காலை ஒடிப்பேன் என்று மகன்களிடம் சொன்னான். ஆண்கள் கூடிக் கவா என்கிற வேர்ச்சாறு குடிக்கிற இடத்தில் வைசினியாவின் பெரிய மகன் கெலேபியின் மகனிடம், "உங்க வீட்டுல மிதியடியாவது மிச்சம் இருக்கா, அதையும் பாதிரியாருக்குக் குடுத்தாச்சா?" என்று கேட்டான். கைகலப்பானது. குறுக்கே வந்த வைசினியாவின் இளைய மகனுக்குப் பல் போயிற்று. கெலேபியின் மனைவி, "ஒரு பாய்க்காக என் பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்தவ" என்று கிணற்றடி, சந்தை, தேவாலயம் என்று எல்லா இடத்திலும் சொன்னாள். கெலேபி கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாவது மாதம் ஒரு திங்கட்கிழமை. வைசினியா வழக்கம்போல் வந்தாள். கழிப்பறைக்குள் போனவள் நெடுநேரம் வரவில்லை. பிறகு கதவைத் திறந்து அளவுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். இருநூற்றுப் பத்து மில்லி. இலைசானே டியூப் போட்டுப் பார்த்தாள். உள்ளே அறுபதுதான் நின்றது.

"டியூப் இனிமே வேண்டியிருக்காது. ரெண்டு மூணு வாரம் பார்த்துட்டு விட்டுடலாம்."

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வைசினியா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "கெலேபிகிட்டச் சொல்லு. ஓடு, முதல்ல அவன்கிட்டச் சொல்லு."

"அவன் ஆண்கள் வார்டுலதான் இருக்கான். சொல்றேன்."

"அனசெய்னிக்கு இது எத்தனாவது மாசம்?"

இலைசானே கிண்ணத்தைக் கழுவப் போட்டாள். "போன வியாழக்கிழமை பொறந்துடுச்சு. பொண்ணு."

"பேரு?"

பெயர் வைக்கிற உரிமை அத்தையான வைசினியாவுடையது.

"அவங்கம்மாவோட தங்கச்சி வச்சுட்டாங்க."

வைசினியா கட்டிலில் உட்கார்ந்தாள். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக மணியைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நான் அங்க போறேன்" என்றாள். "குழந்தையைப் பார்க்கறேன். கோவிச்சுக்கிட்டவ நான்தானே? நான் போதும்னா நின்னுடாதா?"

வாசலில் அவளுடைய பெரிய மகன் வந்து நின்றிருந்தான். ஏதோ செக்கப் என்று நம்பி, அம்மாவை ஊருக்குக் கூட்டிப் போக வந்தவன். கடைசி வார்த்தைகள் அவன் காதில் விழுந்துவிட்டன.

"எங்க போறேம்மா?"

"மாமா வீட்டுக்கு."

"நீ போனா அப்பா இனிமே இந்த ஊருக்கே வர மாட்டாரு. நானும் வீட்டுல இருக்க மாட்டேன். உன் பாயைக் குடுத்தவன் அவன். என் தம்பி பல்லை உடைச்சவன் அவன் மகன். எதுக்காகப் போறே? ஒரு காரணம் சொல்லு."

வைசினியா வாயைத் திறந்தாள். மகனைப் பார்த்தாள். இருபத்தாறு வயது ஆண்பிள்ளை. அவனிடம் எதைச் சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது? இலைசானேயைப் பார்த்தாள். இலைசானே அளவுக் கிண்ணத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஒண்ணுமில்லை" என்றாள் வைசினியா. "சும்மா சொன்னேன்."

மகன் அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். தாழ்வாரத்தில் போகும்போது ஆண்கள் வார்டைக் கடக்க வேண்டும். உள்ளே கெலேபி ஒரு கிழவருக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தான். காலடி கேட்டு நிமிர்ந்தான். அக்காள் நிமிர்ந்து நடந்து போவதைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகன் பக்கத்தில் வந்துகொண்டிருந்தான்.